கரையோசையின் மூன்றாம் பக்கம்

கரையோசை என்ற நாலு பக்க மாலைப் பேப்பரில் காணாமல் போனவர்களுக்கு வருஷா வருஷம் வயசு ஏறிக்கொண்டிருந்தது என்பது தூத்துக்குடிக்குள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், வெளியூர்க்காரர்களிடம் மட்டும் வாய் திறப்பதில்லை, திறந்தால் நம்பமாட்டார்கள் என்ற பயமெல்லாம் ஒன்றும் இல்லை, நம்பிவிட்டால் அவரவர் வீட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்துவிடுவார்களே, அத்தனை முகத்துக்கும் மூன்றாம் பக்கத்தில் இடத்துக்கு எங்கே போவது என்ற கவலைதான்.

பேப்பரைத் தொடங்கியவர் ஞானப்பிரகாசம். ரங்கூனில் பிறந்தவர், சண்டைக் காலத்தில் அங்கே குண்டு விழுந்தபோது தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவர், அடுத்த கப்பலில் வாறேன் என்று கரையில் நின்று கையை ஆட்டிய அப்பா அடுத்த கப்பலிலும் வரவில்லை, அதற்கடுத்த கப்பலே வரவில்லை. பிள்ளை வளர்ந்து ஆளாகி, பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றைப் பிடித்து, ஒரு மெஷினைப் போட்டுக் கரையோசையைத் தொடங்கியபோது, எந்தத் தோணி எந்தச் சரக்கோடு புறப்படுகிறது, மீன் ஏலத்தில் சீலா என்ன விலை போனது, எந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வராது என்பதையெல்லாம் போட்டுவிட்டு, முதல் நாள் பேப்பரிலேயே மூன்றாம் பக்கத்தின் அடியில் அப்பாவின் படத்தை வைத்து, மேலே 'காணவில்லை' என்று போட்டார். ரங்கூன் ஸ்டுடியோவில் கோட்டு மாட்டி எடுத்த படம். அன்றைக்கே ஒரு வழமையையும் ஏற்படுத்தினார். யார் வீட்டில் யார் காணாமல் போனாலும் இனாமாகப் படம் வரும், ஒரு தடவை வந்ததோடு முடியாது, காணாமல் போன தேதிக்கு வருஷா வருஷம் வரும், தேடுகிறவர்களே வந்து நிறுத்தச் சொல்லும்வரை வரும். நிறுத்துவதற்கும் இரண்டே சொல்தான். 'கிடைச்சாச்சு' என்று சொன்னால் மறுநாள் ஒரு வரி மகிழ்ச்சியாய் வரும். 'போதும்' என்று சொன்னால் படம் நாலாம் பக்கத்துக்கு, கண்ணீர் அஞ்சலிக்குப் போய், வருஷா வருஷம் அங்கே வரும். இந்த இரண்டில் எதையும் வீட்டார் சொல்லவேண்டும், பேப்பர் தானாகச் சொல்லாது.

பேப்பர் நடந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் அந்தச் சின்னப் பிள்ளை விஷயம் வந்தது. மாதா கோயில் தேரன்றைக்குக் கூட்டத்தில் கைநழுவிப் போன பிள்ளை, ஆறு வயசு, பலூன் பிடித்துச் சிரிக்கிற படம். இரண்டாம் வருஷம் பேப்பர் அச்சாகி வந்தபோது பிள்ளைக்கு முன்பல் இரண்டும் இல்லை. மெஷின்காரர் படத்தகட்டில் அழுக்கு என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், பல் வரவில்லை. மூன்றாம் வருஷம் யாரும் துடைக்காமலே வந்துவிட்டது, கொஞ்சம் பெரிசாக, ஓரத்தில் ரம்பம் மாதிரி. அந்தத் தாய் கிட்டங்கிக்கு வந்து படியில் உட்கார்ந்து, "பல்லு முளைச்சிருச்சு அண்ணாச்சி" என்று ஒரு சொல் சொன்னாள். ஞானப்பிரகாசம் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு நாலரை மணிக்கெல்லாம் ஊர் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது, பல் விழுந்தால் முளைக்கத்தானே செய்யும்.

அதற்குப் பிறகு ஊரே மூன்றாம் பக்கத்திலிருந்துதான் பேப்பரை விரித்தது. இசக்கி டீக்கடையில் நாலு மணிக்குக் கட்டு வந்து விழுந்ததும், கண்ணுள்ளவர்கள் பார்த்துச் சொல்ல, இல்லாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, சவரக்கடைக் காசி மட்டும் கத்தரியும் கையுமாய் எதிர்ச்சாரியிலிருந்து இறங்கி வந்து, முடிவெட்டைப் பார்த்தே, இது சேலத்து வெட்டு, இது பம்பாய் வெட்டு, இவன் ஜெயிலில் இருக்கான் வே, இதை வெட்டினவன் நம்ம தொழில்காரனே இல்லை என்று ஆளிருக்கும் திக்கைச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன திக்கில் போய்த் தேடி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்ததும் உண்டு. மகன்கள் அரபு நாட்டுக்குப் போக ஆரம்பித்த காலத்தில், இரண்டு வருஷமாய் ஒரு போட்டோகூட அனுப்பாத பிள்ளைகளின் தாய்மார் கிட்டங்கி வாசலில் வரிசையாய் வந்து நின்றார்கள். ஐயா, அவன் காணாமல் போகவில்லைதான், வேலையில்தான் இருக்கான், ஆனாலும் நான் கண்டு நாளாச்சே, ஒரே ஒரு தடவை போடுங்களேன், மெலிஞ்சிருக்கானா என்று பார்த்துக்கிடுதேன் என்றார்கள். ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தேடுற முகத்துக்குத்தான் இடம், ஏங்குற முகத்துக்கெல்லாம் இடம் கொடுத்தா நாற்பது பக்கம் அடிக்கணும் தாயீ என்று அனுப்பிவைப்பார். அனுப்பிவைத்தவர், அந்தத் தாயின் முகம் பொறுக்காமல், ஒன்றிரண்டை ஓசைப்படாமல் போட்டதும் உண்டு.

எல்லா முகமும் வளர்ந்துகொண்டே இருக்கவும் இல்லை. சில முகங்கள் நின்றுவிடும். போன வருஷம் எப்படியோ அப்படியே இந்த வருஷமும், ஒரு சுருக்கம் கூடாமல், ஒரு முடி குறையாமல். இரண்டு வருஷம் ஒன்றுபோல் வந்துவிட்டால் ஞானப்பிரகாசமே அந்த வீட்டுக்குப் போவார். இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டார் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அவர்களே 'போதும்' என்பார்கள்.

சண்முகவடிவு கிட்டங்கிக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயசு. எழுபத்துநாலாம் வருஷத்து ஐப்பசி. அவள் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். புருஷன் பால்வண்ணம் தோணியில் சமையல்காரர். மங்களூருக்குப் போன தோணி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது, எல்லோரும் வந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. ஞானப்பிரகாசம் நீலக்கோடு போட்ட நோட்டை எடுத்து, யாரிடமும் கொடுக்காமல் தானே எழுதினார், எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்விகள்.

"பேரு?"

"பால்வண்ணம். வயசு இருபத்தெட்டு."

"அடையாளம் சொல்லும்மா."

மற்றவர்கள் மச்சம் சொல்வார்கள், தழும்பு சொல்வார்கள். வடிவு கொஞ்சம் யோசித்து, "சட்டையில ரெண்டாவது பொத்தானத் திருகித் திருகி அறுத்துருவாவ. நான் தச்சுக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

"கடைசியா எங்க பாத்தது?"

"நான் பாத்தது பழைய துறைமுகத்துல. தோணிக்காரவுக பாத்தது மங்களூர் கரையில. கறிவேப்பிலை வாங்கிட்டு வாறேன்னு எறங்கினாவளாம்."

"தேடுதவுக என்ன உறவு?"

"பொஞ்சாதி."

அதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் துறைமுகத்து அட்டைக்காக எடுத்த படம் மூன்றாம் பக்கத்தில் வந்தது, கழுத்தும் நெஞ்சும் தெரிய, இரண்டாவது பொத்தானோடு. ஊர் அவருக்குக் கறிவேப்பிலைக்காரர் என்று பேர் வைத்துவிட்டது.

முதல் வருஷம் தாடியோடு இருந்தார். அடுத்த வருஷம் கன்னம் ஒட்டி, கண்ணெல்லாம் உள்ளே போய், வடிவு மூன்று நாள் சோறு தொடவில்லை. நாலாம் வருஷம் தாடி போய்விட்டது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, காசி பார்த்துவிட்டு நல்ல கையில்தான் தலையைக் கொடுக்கிறார், கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கார் என்றார். வடிவு போய் மூன்று மாசம் தேடிவிட்டு வந்தாள், கையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சவரக்கடையாய்க் காட்டினாள், பாஷை தெரியாத ஊரில் ஒரு முகத்தைக் காட்டினால் அவர்கள் இவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

ஆறாம் வருஷம் வந்த படத்தில் சட்டைக் காலர் தேய்த்திருந்தது. சும்மா தேய்ப்பு இல்லை, கஞ்சி போட்டு, முனை கத்தி மாதிரி நிற்கிற தேய்ப்பு. டீக்கடையில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது அவர்கள் டீயை ஊதிய விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் இசக்கிதான், அவனுக்கு வாய் சும்மா இருக்காது, தோணியில கரிபிடிச்ச பனியனோட திரிஞ்ச மனுசன், இப்ப கலெக்டர் ஆபீசுக்குப் போறாப்புல இருக்காரே என்று சொல்லிவிட்டான். வடிவு வீட்டுக்கு வந்து, துணிக்கு நூல் பார்க்கிற லென்ஸை வைத்துப் படத்தைப் பார்த்தாள். புள்ளி புள்ளியாய் இருந்த அச்சில் அந்த இரண்டாவது பொத்தான் தெரிந்தது. தையல்காரிக்கு அது போதும். வடிவு பொத்தானுக்கு நூலைக் குறுக்கே போடுவாள், பெருக்கல் குறி மாதிரி. இது நேராகப் போட்டிருந்தது, இரண்டு கோடாக, பொறுமையாக, இழுத்துக் கட்டி.

அன்றைக்கிலிருந்து அவள் ஐப்பசி மாசத்துப் பேப்பரில் புருஷன் முகத்தை இரண்டாவதாகத்தான் பார்த்தாள். முதலில் காலரைப் பார்ப்பாள். ஒரு வருஷம் வெள்ளைச் சட்டை, ஒரு வருஷம் கட்டம் போட்டது, எதுவானாலும் காலர் நிற்கும், பொத்தானில் நூல் நேராக ஓடும். பார்க்காத ஒருத்தியின் கையெழுத்தை வருஷத்துக்கு ஒரு தடவை வாசித்து வாசித்து, அவள் இடதுகைக்காரி இல்லை, அவசரக்காரி இல்லை, நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் வெட்டுகிறவள் என்பதுவரைக்கும் வடிவுக்குத் தெரிந்துபோயிற்று. அதைப் பொறுத்துக்கொண்டாள். ஆள் உயிரோடு இருக்காரே, சாப்பிட்டு நல்லா இருக்காரே, பொட்டும் தாலியும் பொய்யில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதினோராம் வருஷம் வந்த படத்தில், அவருடைய தோளில், காலருக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில் நாலு குட்டி விரல் இருந்தது. பின்னாலிருந்து ஒரு பிள்ளை தோளைப் பிடித்துத் தொங்குகிறது போல. முகம் இல்லை, விரல் மட்டும்.

வடிவுக்குப் பிள்ளை இல்லை. அவள் பேப்பரை மடிக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வெயிலோடு கிட்டங்கிக்கு நடந்தாள், நடக்கும்போதே நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"போதும் அண்ணாச்சி. நாலாம் பக்கத்துக்கு மாத்திருங்க."

ஞானப்பிரகாசம் படத்தைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்றார், ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றாள்.

"அந்தப் பக்கத்துக்குப் போறதெல்லாம் தானா நின்ன முகம் தாயீ. ஓடிக்கிட்டிருக்கிற முகத்த நான் இதுவரை கொண்டுபோனதில்ல. கொண்டுபோனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"வீட்டுக்காரி சொன்னாப் போடுவேன்னு நீங்கதான சொன்னிய. நான்தான் வீட்டுக்காரி. இன்னும் நான்தான்."

வழமை வழமைதான். மறுநாள் நாலாம் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள், தேய்த்த காலரோடும் தோளில் நாலு விரலோடும், பால்வண்ணம் இறைவனடி சேர்ந்தார். ஊருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தின நாள்தான் அத்தனை பேரும் ஆளை நல்லபடியாய்ப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் பேப்பரில் வந்துவிட்டதே, போகாமல் இருந்தால் நன்றாக இருக்குமா என்று, ஒவ்வொருத்தராய்த் துட்டி கேட்க வந்தார்கள், வந்து உட்கார்ந்தவர்கள் எப்படிப் போனார் என்று கேட்க முடியாமல், எப்போது என்று கேட்க முடியாமல், கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். அவரவர் வீட்டில் செத்தவர்களை நினைத்து அழுதார்களோ என்னவோ, அழுகை மட்டும் நிஜமாய் இருந்தது. காசி அன்றைக்குக் கடை திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் பண்ண வந்த ஐயர், பிரேதம் எங்கே என்று கேட்காத பெரிய மனுஷர், மங்களூர் திக்கைப் பார்த்துத் தண்ணீர் விடச் சொன்னார். வடிவு தாலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள்.

கோபம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அடுத்த ஐப்பசியில் நாலாம் பக்கத்தில் அதே முகம், அதே காலர், அதே நாலு விரல் வந்தபோது, அவள் அதைப் போன வருஷத்துப் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலாம் பக்கத்துக்குப் போன முகம் அசையாது, அது தெரிந்ததுதான். ஆனால் இது பக்கத்துக்காக நிற்கிறதா, ஆளே நின்றுவிட்டாரா. பேப்பரில் போட்டதால் ஒரு மனுஷன் சாவானா என்று இசக்கியிடம் கேட்டாள், அவன் பேப்பரில் போட்டு எத்தனை கட்சிக்காரனை நாம சாகடிச்சிருக்கோம், ஒருத்தனும் போகலையே என்று சிரிக்கப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கழுவப் போய்விட்டான். தண்ணீர் விட்டுக் காரியம் பண்ணியாயிற்று, துட்டி கேட்டாயிற்று, தாலி இறங்கியாயிற்று, இவ்வளவும் ஒரு உயிருக்கு எட்டாமலா இருக்கும் என்று தெருப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்தது. அந்த நாலு விரல்காரப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமல் பண்ணிவிட்டேனோ என்கிற நினைப்பு ஊசி மாதிரி ஏறி, எடுக்க முடியாத இடத்தில் போய் நின்றுகொண்டது.

மூன்று வருஷம் கழித்து ஞானப்பிரகாசத்திடம் போய், சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டால் மறுபடி மூன்றாம் பக்கத்தில் போடுவீர்களா என்று கேட்டாள்.

"போடுதேன். அதுக்கு வழமை இல்ல, ஆனா போடுதேன். ஒண்ணு மட்டும் கேக்கேன். மொகம் அப்படியே வந்துதுன்னா பாத்துக்கிடுவியா?"

அவர் மேஜையைத் திறந்து ஒரு கத்தைப் பேப்பரை எடுத்து அவள் முன்னால் வைத்தார். எல்லாம் மூன்றாம் பக்கம். எல்லாவற்றிலும் ரங்கூன் கோட்டு போட்ட மனுஷர், முப்பத்துநாலு வயசு, முதல் பேப்பரில் எப்படியோ முப்பதாவது பேப்பரிலும் அப்படியே. ஊரில் அத்தனை வீட்டுக்கும் இரண்டு பேப்பரோடு போன மனுஷர் தன் வீட்டுக்குள் மட்டும் அப்படி ஒருநாளும் போகவில்லை. அப்பாவுக்கு இப்போ நான் அண்ணன் மாதிரி இருக்கேன் என்று சொல்லி, கத்தையை மறுபடி உள்ளே வைத்தார். வடிவு வந்த வழியே திரும்பிப் போனாள். போடச் சொல்லாமல் இருக்கிறவரைக்கும் அவர் செத்தும் இருக்கலாம் இருந்தும் இருக்கலாம், போட்டுவிட்டால் இரண்டில் ஒன்றுதான். அவளுக்கு அந்த ஒன்றைத் தாங்கத் தெம்பில்லை. இப்படியே வருஷம் போயிற்று.

ஞானப்பிரகாசம் இறந்தபோது மகள் ஸ்டெல்லா அவர் படத்தையும் தாத்தாவின் ரங்கூன் படத்தையும் ஒரே கட்டத்தில் நாலாம் பக்கத்தில் போட்டாள், மகன் கிழவனாகவும் அப்பா வாலிபனாகவும். அதற்குப் பின்னால் பேப்பரை அவள்தான் நடத்தினாள். ஈய எழுத்து போயிற்று, கம்ப்யூட்டர் வந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல முகங்கள் பாட்டுக்கு நரைத்துக்கொண்டிருந்தன. பல் முளைத்த அந்தப் பிள்ளைக்கு மூக்குத்தி வந்தது, பிறகு கண்ணாடி வந்தது, ஒரு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோது, தாய்க்குப் பார்வை போயிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சொன்னார்கள். புயலடித்து ஊரே இருண்ட நாளிலும் ஒற்றைத் தாளாய் வந்த பேப்பர், எல்லோர் கையிலும் போன் வந்தபிறகு வரமுடியாமல் போயிற்று. குழாய்த் தண்ணீர் வராத தெருவின் பேர் அந்தத் தெருவுக்கு முன்பே போனுக்கு வந்துவிட்டது. தோணிகளும் குறைந்துபோயின. புரட்டாசிக் கடைசியோடு நிறுத்துகிறேன், கடைசி நாள் பேப்பரில் ஒரு செய்தியும் இருக்காது, இன்னும் தேடப்படுகிற அத்தனை முகமும் தேதி பார்க்காமல் நாலு பக்கத்துக்கும் வரும் என்று ஸ்டெல்லா அறிவித்தாள்.

வடிவுக்கு அறுபத்தாறு வயசு. மெஷின் மிதிக்கிற காலில் வீக்கம். அவள் கிட்டங்கிக்கு வந்து ஸ்டெல்லாவின் முன்னால் உட்கார்ந்தாள், இந்தத் தடவை சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"உங்க அப்பாகிட்ட கேட்டதுதான். அவரப் பழையபடி மூணாம் பக்கத்து ஆளாப் போடு."

ஸ்டெல்லாவுக்கு எல்லாம் தெரியும். "வடிவக்கா, மொகம் அப்படியே இருந்திச்சுன்னா?"

"இருந்தா, நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சாவேன். முப்பத்தொரு வருசமா தெரியாமக் கெடந்தாச்சு. இனிமே கேக்கதுக்கு எடமும் இல்லாமப் போகுதுல்லா."

கடைசிப் பேப்பர் வந்த அன்றைக்கு இசக்கி டீக்கடையில் நிற்க இடமில்லை. கல்யாணமாகி வெளியூர் போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள், தேடுவதை விட்டுவிட்டோம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் வந்து நின்றார்கள். நாலு மணிக்குக் கட்டு விழுந்தது. இசக்கி, அவனும் கிழவனாகியிருந்தான், முதல் பேப்பரை உருவி யாருக்கும் கொடுக்காமல் வடிவின் கையில் கொடுத்தான். கடைக்குள் டீ ஆற்றுகிற சத்தம் நின்றது.

அவள் பழைய வழக்கப்படி முதலில் காலரைப் பார்த்தாள்.

காலர் மடங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் உள்ளே சுருண்டு, கழுத்து அழுக்கு ஏறி, கஞ்சி கண்டு நாளான துணி. இரண்டாவது பொத்தான் இல்லை. அது இருந்த இடத்தில் நூல் மட்டும் இரண்டு இழை, நேராக, தொங்கிக்கொண்டிருந்தது. பிறகுதான் முகத்துக்கு வந்தாள். எழுபது வயசுக் கிழவர். கன்னம் விழுந்து, வெள்ளை முள்முள்ளாய்த் தாடி, கண் மட்டும் அதே கண். தோளில் விரல் இல்லை. காசி தடியை ஊன்றிக் கிட்டே வந்து, வடிவின் லென்ஸை வாங்கிப் பிடித்துப் பார்த்து, சவரம் பண்ணி ஒரு வாரம் இருக்கும், ஆனா ஆளு இருக்காரும்மா, இருக்காரு என்றார். அவர் சொன்னதும் கடை முழுக்க மூச்சு விட்டது. இசக்கியின் பெண்டாட்டி காலண்டர் அம்மன் முன்னால் இருந்த குங்குமச் சிமிழோடு ஓடி வந்தாள், முப்பத்தொரு வருஷம் துடைத்த நெற்றியில் மறுபடி வைக்க சாத்திரம் உண்டா இல்லையா என்று இரண்டு பேர் தயங்கினார்கள், பேப்பரே சொல்லிவிட்டது இனி எந்தச் சாத்திரம் என்று அவள் வைத்துவிட்டாள். புண்ணியவதி, உன் புருஷனை நீ கொல்லவில்லை என்று ஒருத்தி அணைத்துக்கொண்டாள்.

வடிவு அழவில்லை. எல்லோரும் அழுதார்கள். அவள் அந்த மடங்கிய காலரைக் கட்டை விரலால் நீவி நீவிவிட்டாள், அச்சு மையில் விரல் கறுத்தது, காலர் நிமிரவில்லை.

"அவ இருந்தா இப்படி விட்டிருப்பாளா" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று ஒருவருக்கும் முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது இசக்கியின் பெண்டாட்டி குங்குமச் சிமிழை மூடினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஐந்து வருஷம் அந்தக் கையைத் திட்டியிருக்கிறாள், முப்பத்தொரு வருஷம் அந்தக் கைக்கு முன்னால் குற்றவாளியாய் நின்றிருக்கிறாள், இந்த உலகத்தில் அவளைப்போலவே அந்த இரண்டாவது பொத்தானோடு மல்லுக்கட்டின வேறு ஒரு மனுஷி கிடையாது.

கிட்டங்கியில் மெஷின் நின்றுவிட்டிருந்தது, சூடு மட்டும் இன்னும் இறங்கவில்லை. வேலையாட்கள் அதற்குச் சந்தனம் தடவி மாலை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா தனியாக உட்கார்ந்து, அப்பாவின் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டோடு வந்து நின்ற வடிவைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"ஸ்டெல்லா, ஒரு காணவில்லை எழுதணும்."

"இனிமே பேப்பர் இல்லையேக்கா."

"தெரியும். நீ எழுது."

ஸ்டெல்லா ஒழித்து வைத்த கட்டுக்குள்ளிருந்து நீலக்கோடு போட்ட நோட்டை உருவினாள். கடைசியில் இரண்டு தாள் வெற்றாய் இருந்தது.

"பேரு?"

"தெரியாது."

"வயசு?"

"என்னைய விட ஒண்ணு ரெண்டு கொறச்சலா இருக்கும்."

"அடையாளம்?"

"காலரு கத்தி மாதிரி நிக்கும். பொத்தானுக்கு நூலக் குறுக்க போடமாட்டா, நேராப் போடுவா."

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து எழுதினாள்.

"கடைசியா எங்க பாத்தது?"

"எம்பத்தஞ்சாம் வருசம். அவுக சட்டையில."

"தேடுதவுக சண்முகவடிவு. என்ன உறவுன்னு போட?"

வெளியே ரோட்டில் யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பேப்பரை விரித்து, இங்கே பாரு, இங்கே பாரு என்று காட்டிக்கொண்டே போனார். அந்தச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரைக்கும் வடிவு மை கறுத்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கான்னு போடு."

ஸ்டெல்லா எழுதினாள். எழுதிவிட்டுப் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள், படம் வாங்குவதற்கு. நீட்டிய பிறகுதான் நினைவு வந்து, கையை மடக்கப் போனாள்.

"படம் இல்ல. எடம் விட்டு வையி" என்றாள் வடிவு.

ஸ்டெல்லா அடிக்குச்சியை வைத்து, எழுத்துக்கு மேலே, ஒரு முகம் கொள்கிற அளவுக்குக் கட்டம் ஒன்று போட்டாள்.